நோட்ஸ் தெரியாததுபோல நடித்தவர்கள்

ஜாஸ் என்றவுடன் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது, சோதனைக்குப் படிக்கும்போது பின்னால் ஓடவிடுகிற மூன்று மணித்தியால யூடியூப் வீடியோ. மழை பெய்கிற ஜன்னல், ஆவி பறக்கிற கோப்பி, மெல்லிய பியானோ. இல்லாவிட்டால் நட்சத்திர ஹோட்டல் லிஃப்ட். அதாவது வசதியான ஆக்களின் இசை, கவனித்துக் கேட்கத் தேவையில்லாத இசை. கொஞ்சம் தேடி வாசித்த ஆக்களைக் கேட்டால் வேறு பதில் வரும்: "அது கறுப்பின சனத்துக்கு இரத்தத்திலயே ஊறின விஷயம் மச்சான். படிச்சு வாறதில்ல."

முதலாவது பதிலோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. லிஃப்டுக்கும் ஏதாவது இசை வேணும்தானே. இரண்டாவதுதான் பிரச்சினை. கேட்க மரியாதை மாதிரி இருக்கும், சொல்கிறவரும் மரியாதையாக நினைத்துத்தான் சொல்வார். ஆனால் ஜாஸின் முதல் முப்பது வருஷத்தை எடுத்துப் பார்த்தால், அந்த இசையை உருவாக்கின ஆக்களின் உழைப்பையும் பெயரையும் காசையும் பறிக்க இந்த ஒரு வசனம் எவ்வளவு உதவியிருக்கிறது என்று விளங்கும். இரத்தத்தில் இருக்கிறது என்றால் அதுக்கு ஏன் தனியாகச் சம்பளம்?

யூபி பிளேக் என்ற பியானோக் கலைஞர் வயது போன பிறகு சொன்ன ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். அவர் நியூயோர்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்போடு வேலை செய்தவர். யூரோப் 1910இல் கிளெஃப் கிளப் என்ற அமைப்பைத் தொடங்கியவர். அது கறுப்பினக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் மாதிரியும் இருந்தது, வேலை எடுத்துக்கொடுக்கிற இடமாகவும் இருந்தது. பணக்கார வெள்ளையர் வீட்டு விருந்துகளுக்குக் குழு அனுப்புவது அதன் முக்கியமான வருமானம். அந்தக் குழுக்களில் இருந்தவர்களுக்கு நோட்ஸ் (விரிவுரை நோட்ஸ் இல்லை, இசை நோட்ஸ்) பார்த்து வாசிக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் விருந்துக்குத் தாள்களைக் கொண்டுபோவதில்லை. புதிதாக வந்த பாட்டை முன்கூட்டியே தாளைப் பார்த்துப் பாடமாக்கிவிட்டுத்தான் போவார்கள். அங்கே போய், தாளே தெரியாத ஆக்கள் மாதிரி, காதால் பிடித்தது மாதிரி வாசிப்பார்கள். ஏனென்றால் காசு கொடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். இவர்கள் படிக்காதவர்கள், இவர்களுக்கு இது தானாகவே வருகிறது என்று நம்ப அவர்கள் விரும்பினார்கள்.

படிச்சதை மறைச்சால்தான் வேலை. எங்கட ஊரில் எத்தனையோ பேர் படித்ததைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், இவர்கள் ஒளித்து வைக்க வேண்டி வந்தது.

இதே யூரோப்தான் 1912 மே 2ஆம் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்களைக் கார்னகி ஹோல் மேடையில் ஏற்றியவர். முதலாம் உலகப்போரில் 369ஆம் காலாட்படைப் பிரிவின் இசைக்குழுவோடு பிரான்சுக்கும் போனார். அங்கே பிரெஞ்சு இராணுவக் கலைஞர்கள் இவர்களின் தாள்களை வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறார்கள், அந்தச் சத்தம் வரவில்லை. கருவிக்குள் ஏதோ தந்திரம் இருக்கிறதென்று நினைத்து, கருவிகளையே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். 1919இல் நாடு திரும்பியபிறகு யூரோப்பே சொன்ன கதை இது. தந்திரம் எல்லாம் நாக்கிலும் உதட்டிலும் மியூட்டிலும் எந்த ஸ்வரத்தில் அழுத்தம் விழுகிறது என்பதிலும்தான் இருந்தது, அதாவது பயிற்சியில். பதிந்திருக்கிற தாளை மீறி மேலதிகமாக அலங்காரம் சேர்க்க வேண்டாமென்று தன் ஆக்களை ஒத்திகையில் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வருஷமே மே மாதம், தன் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த ஒருவர் கத்தியால் குத்தி அவர் இறந்துபோனார்.

சரி, நியூ ஓர்லியன்ஸுக்கு வருவோம். ஜாஸ் வரலாறு எழுதுகிற எல்லாரும் கொங்கோ சதுக்கத்தில் தொடங்குவார்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, மேளமடித்து, வட்டமாக நின்று ஆடிய இடம். 1817இல் நகர நிர்வாகம் இப்படியான கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியது. 1819இல் அதை நேரில் பார்த்த பெஞ்சமின் லட்ரோப் என்ற கட்டடக்கலைஞர் தன் குறிப்பேட்டில் மேளங்களைப் படம் வரைந்தே வைத்திருக்கிறார். இதைவிடப் பல வருஷத்துக்கு முதலே, 1739ஆம் ஆண்டு கிளர்ச்சிக்குப் பிறகு, தென் கரோலைனாவில் அடிமைகள் மேளம் வைத்திருப்பதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சனம்தான். ஒரு இடத்தில் மேளம் மிஞ்சியது, மற்ற இடத்தில் இல்லை. இரத்தம் காரணமென்றால் இந்த வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? ஒரு இடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சதுக்கமும் இருந்தன, அவ்வளவுதான்.

அதுவும்போக, கொங்கோ சதுக்கத்திலிருந்து ஜாஸுக்கு நேரே பாலம் போட முடியாது. நடுவில் அரை நூற்றாண்டு கிடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, பிறகு 1890களில் திரும்பவும் இனப்பிரிப்புச் சட்டங்கள் இறுகின காலம் அது. ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதாகி, 1896இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற ஹோமர் பிளெசியும் நியூ ஓர்லியன்ஸ்காரர்தான். இந்தக் காலத்தில் அந்த நகரத்தின் கறுப்பின மக்கள் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். சந்தா கட்டினால் வருத்தத்துக்கு மருந்து, செத்தால் செத்தவீட்டுச் செலவு. எங்கட ஊர் மரண உதவிச் சங்கம் மாதிரியேதான், ஒரு வித்தியாசம்: அங்கே செலவுக்குள் பித்தளைக் கருவி இசைக்குழுவும் அடக்கம். மயானத்துக்குப் போகும்வரை மெதுவான கீர்த்தனைகள், உடலை விட்டுப் பிரிந்தபிறகு துள்ளல் நடை. பின்னால் ஊர்ச் சனம் குடை பிடித்து ஆடிக்கொண்டு வரும். ஜாஸின் முதல் சம்பளப் பட்டியலில் இந்தச் சங்கங்கள் முக்கியமானவை. விபசார விடுதிகளில் பிறந்த இசை என்று ருசியாக எழுதுவார்கள். ஜெலி ரோல் மோர்ட்டன் போன்ற பியானோக்காரர் சிலர் அங்கே வாசித்தது உண்மை. குழுக்கள் பெரும்பாலும் வாசித்தது நடன மண்டபங்களிலும் பூங்காக்களிலும் ஊர்வலங்களிலும்.

இந்தக் குழுக்களுக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், பாடம் இருந்தது. ஜேம்ஸ் ஹம்ஃப்ரி என்ற கறுப்பின ஆசிரியர் நகரத்திலிருந்து ஒழுங்காகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கருவியும் தாள் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார். பகல் முழுக்கக் கரும்பு வெட்டின ஆள் பின்னேரம் கோர்னெட் எடுத்து ஸ்கேல் பழகுகிறார். கோர்னெட் என்றால் ட்ரம்பெட்டுக்குச் சொந்தம், கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஆரம்ப ஜாஸின் தலைமைக் கருவி அது. நகரத்துக்குள் டியோ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கிளாரினெட் சொல்லிக்கொடுத்தார்கள்.

இங்கே இன்னொரு முறைப்பாடும் இருக்கிறது. பாடப்புத்தகக் கதை ஒன்று உண்டு: கலப்பின கிரியோல் மக்கள் ஐரோப்பிய முறையில் படித்தவர்கள், கறுப்பான ஆக்கள் காதால் ப்ளூஸ் வாசித்தவர்கள், இரண்டும் சேர்ந்து ஜாஸ் ஆனது. கேட்க நல்ல வடிவான சமன்பாடு. உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள்: நிறம் குறைந்தால் மூளை, நிறம் கூடினால் உணர்ச்சி. அதே இரத்தக் கதை வேறு உடுப்பில் வருகிறது. கரும்புத் தோட்டத்தில் தாள் வாசித்தவர்களை இந்தக் கதையில் எங்கே வைப்பது? மறுபக்கம், 1897இல் கிரியோல் குடும்பமொன்றில் பிறந்த சிட்னி பெஷே கடைசிவரைக்கும் தாள் வாசிக்கப் பழகவேயில்லை. சின்ன வயதிலேயே ஜோர்ஜ் பாக்கே போன்ற நல்ல கிளாரினெட் ஆசான்களிடம் பாடம் எடுத்தவர், தாளை மட்டும் தொடவில்லை. 1919இல் லண்டனில் அவர் வாசித்ததைக் கேட்ட சுவிஸ் இசைநடத்துநர் எர்னஸ்ட் அன்செர்மே, இவரை மேதை என்று கட்டுரையே எழுதினார்.

ஆகவே தாள் வாசித்தவர்தான் அறிவாளி என்று நாங்கள் சொல்லவில்லை. காதும் ஒரு பள்ளிக்கூடம்தான், அதில் பாஸ் பண்ணுவது லேசில்லை. லில் ஹார்டின் என்ற பெண் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுச் சிக்காகோவுக்கு வந்து, நியூ ஓர்லியன்ஸ் குழுவொன்றில் பியானோவுக்குப் போய் உட்கார்ந்தார். தாள் எங்கே என்று கேட்டார், இல்லை என்றார்கள். என்ன சுருதி என்று கேட்டார், அதுவும் இல்லை. இரண்டு தட்டுச் சத்தம் கேட்டதும் தொடங்கு, அவ்வளவுதான். அவரும் தொடங்கினார், சில வினாடிகளில் சுருதியைப் பிடித்தார், வேலையும் கிடைத்தது. அந்த ஆண்களுக்குத் தெரிந்தது ஒன்று, அவருக்குத் தெரிந்தது ஒன்று. இரண்டுமே கற்றுக்கொண்டவை.

அந்த நியூ ஓர்லியன்ஸ் பாணி எப்படி வேலை செய்கிறதென்று விளங்கினால், தானாக வருவது என்கிற கதை இன்னும் நொண்டும். கோர்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். கிளாரினெட் அதற்கு மேலே கொடி மாதிரிச் சுற்றும். ட்ரொம்போன் கீழேயிருந்து சறுக்கிச் சறுக்கி அடுத்த கோர்டுக்கு வழி காட்டும். பின்னால் பாஞ்சோ, டியூபா அல்லது டபிள் பேஸ், ட்ரம்ஸ். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவர் மற்றவரின் காலில் மிதிப்பதில்லை. எவர் எந்த உயரத்தில் போகலாம், எப்போது இடம் விடவேண்டும், எங்கே எல்லாரும் நிறுத்தி ஒருவரை மட்டும் இரண்டு பார் வாசிக்க விடவேண்டும், எல்லாவற்றுக்கும் எழுதப்படாத ஒழுங்கு இருக்கிறது. ராக்டைமின் பல பகுதி அமைப்பும் தாள முறிப்பும் (ஸ்கொட் ஜொப்ளினின் மேப்பிள் லீஃப் ராக் 1899இலேயே வெளிவந்துவிட்டது), ப்ளூஸின் பன்னிரண்டு பார் வட்டமும் வளைத்து வாசிக்கிற ஸ்வரங்களும், கியூபாப் பக்கத்து ஹபனேரா தாளமும் இதற்குள் சேர்ந்திருக்கின்றன. ஹபனேராவை மோர்ட்டன் ஸ்பானிய வாசனை என்கிற மாதிரிச் சொல்வார். ஜாஸை 1902இல் தானே கண்டுபிடித்ததாகவும் சொன்ன ஆள் அவர், அதை நம்பத் தேவையில்லை. 1926இல் அவர் விக்டர் கொம்பனிக்குப் பதிவு செய்தவற்றைக் கேட்டால், ஒவ்வொரு பாரையும் திட்டமிட்ட மனிதர் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும்.

இனி காசுக் கதை. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லப்படுவது 1917 பெப்ரவரி 26இல் நியூயோர்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட், நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த ஐந்து வெள்ளையர். ஒரு பக்கத்தில் லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ், அதாவது வாடகைக் குதிரை லாயத்து ப்ளூஸ். கிளாரினெட் சேவல் மாதிரிக் கூவும், கோர்னெட் குதிரை மாதிரிக் கனைக்கும், ட்ரொம்போன் மாடு மாதிரிக் கத்தும். பெரிய விற்பனை. தங்களுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது என்பதையே அந்தக் குழு விளம்பரமாகச் செய்தது! கறுப்பினக் கலைஞர் படித்ததை ஒளிக்க வேண்டியிருந்த அதே சந்தையில், வெள்ளையர் படிக்காததைப் பெருமையாக விற்றார்கள். ஆனால் தட்டைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் சேவலும் குதிரையும் மாடும் அதே இடத்தில் அதே மாதிரி வரும். அதெல்லாம் ஒத்திகை பார்த்த வேலை.

அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தமென்று அந்த வருஷமே சிக்காகோ நீதிமன்றத்தில் வழக்கு. தலைவர் நிக் லரோக்கா ஒருபக்கம், முன்னாள் கிளாரினெட் கலைஞரும் கூட்டாளியும் மறுபக்கம். பத்திரிகைகளுக்குப் பகிடி. கடைசியில் நீதிபதி இரண்டு தரப்புக்கும் உரிமை இல்லையென்று தள்ளிவிட்டார். எங்களைக் கேட்டால் சரியான தீர்ப்புத்தான், காரணம் வேறாக இருந்தாலும். எந்தத் தெருவில் எத்தனை குழுக்களிடம் கேட்டுப் பழகின பாணி அது, அந்தக் குழுக்கள் எதுவும் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. நியூ ஓர்லியன்ஸில் எல்லாரும் முதல் ஆள் என்று சொன்ன கோர்னெட் கலைஞர் படி போல்டன், 1907இலேயே மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டுவிட்டார். 1931இல் அங்கேயே இறந்தார். அவருடைய ஒரு படம் மிஞ்சியிருக்கிறது, சத்தம் ஒரு வினாடிகூட இல்லை. லரோக்காவோ, கறுப்பின மக்களிடமிருந்து தாங்கள் எதுவும் எடுக்கவில்லை, ஜாஸ் வெள்ளையரின் கண்டுபிடிப்பு என்று வயதான காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

லாயப் பாட்டின் கதை அதோடு முடியவில்லை. 1924 பெப்ரவரி 12இல் பிரபல இசைக்குழுத் தலைவர் போல் வைட்மன் நியூயோர்க் ஏயோலியன் ஹோலில் நவீன இசையில் ஒரு பரிசோதனை என்று பெரிய கச்சேரி வைத்தார். ஜோர்ஜ் கெர்ஷ்வினின் ரப்சொடி இன் ப்ளூ முதன்முதலில் கேட்டது அன்றுதான், அது அருமையான படைப்பு, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கச்சேரி தொடங்கியது எதோடு? லிவரி ஸ்டேபிள் ப்ளூஸோடு. இதுதான் பழைய முரட்டு ஜாஸ், இனிப் பாருங்கோ நாங்கள் இதை எப்படித் திருத்தியிருக்கிறம் எண்ட மாதிரி. மேடை முழுக்க வெள்ளையர். வைட்மனுக்கு ஜாஸின் அரசன் என்று பட்டம். அதே நகரத்தில், அதே வருஷம், இரசாயனவியல் பட்டதாரியான ஃபிளெட்சர் ஹெண்டர்சனும் முறையாக இசை படித்த டொன் ரெட்மனும் சாக்ஸபோன் பகுதி கேட்க ட்ரம்பெட் பகுதி பதில் சொல்கிற எழுத்துமுறையை ஒவ்வொரு தாளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த ஸ்விங் காலம் முழுக்க அந்த அத்திவாரத்தில்தான் நின்றது.

1927 டிசம்பரில் டியூக் எலிங்டன் ஹார்லெமின் கொட்டன் கிளப்புக்கு வேலைக்குப் போனார். மேடையில் கறுப்பினத்தவர், மேசையில் வெள்ளையர் மட்டும். அவருடைய இசைக்கு அங்கே கொடுத்த பெயர் ஜங்கிள், காட்டு இசை. அந்தக் காட்டு உறுமல் எப்படி வந்தது தெரியுமோ? பபர் மைலி என்ற ட்ரம்பெட் கலைஞர் கருவியின் வாய்க்குள் சின்ன மியூட் ஒன்றைச் செருகி, அதன்மேல் மலசலகூட அடைப்பு எடுக்கிற றப்பர்க் கிண்ணத்தைப் பிடித்துத் திறந்து மூடி, தொண்டையாலும் உறுமி ஊதுவார். மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்து சுருதியும் தப்பாமல் வாசிக்க எத்தனை மாதப் பயிற்சி வேணும் என்று யோசியுங்கள். அதைச் சுற்றி எலிங்டன் எழுதின கோர்டுகள் வேறு. கேட்டவர்களுக்குக் காடு தெரிந்தது.

கேட்கத் தொடங்குகிற ஆக்களுக்கு எங்கள் சிபாரிசு: லிஃப்ட் இசையை நிறுத்திவிட்டு, 1923இல் கிங் ஒலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் ஜெனெட் கொம்பனிக்குப் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோ. ரயில் போனால் பதிவை நிறுத்த வேணும். மைக் இல்லை, ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசிக்க வேணும். பெரிய ட்ரம் அடித்தால் ஊசி துள்ளும் என்பதால் பேபி டொட்ஸ் மரக்கட்டைகளைத்தான் அதிகம் தட்டியிருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். ஆகவே காதில் விழுவது அந்தக் குழுவின் முழுச் சத்தம் இல்லை, புனலுக்குள் போனது மட்டும். இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் கேட்டால் வழி திறக்கும்.

அந்தக் குழுவில் இரண்டாவது கோர்னெட் லூயி ஆம்ஸ்ட்ரோங். பிறவி மேதை என்று எல்லாரும் எடுத்துக் காட்டுகிற ஆள். 1912 டிசம்பர் 31 இரவு துவக்கு வெடித்துப் பிடிபட்டு, சிறுவர் இல்லத்தில் பீற்றர் டேவிஸ் என்ற ஆசிரியரிடம் கோர்னெட் பழகினவர். பிறகு ஃபேட் மரபிளின் குழுவோடு மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் வாசித்து, அங்கே தாள் வாசிப்பையும் கைவசப்படுத்தினவர். 1926இல் பதிவான கோர்னெட் சொப் சூயியை, அந்தக் கணத்தில் பொங்கி வந்த வாசிப்பு என்று சொல்லத் தோன்றும். அதன் தாள் 1924 ஜனவரியிலேயே காப்புரிமைக்காக வாஷிங்டனுக்குப் போய்விட்டது, ஆம்ஸ்ட்ரோங்கின் சொந்தக் கையெழுத்தில். தட்டில் கேட்கிறதில் பெரும்பகுதி அந்தத் தாளில் இருக்கிறது.

ஒலிவரும் ஆம்ஸ்ட்ரோங்கும் சேர்ந்து வாசிக்கிற அந்த இரண்டு பார் இடைவெளிகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். குழு முழுக்க நின்றுவிடும், இரண்டு கோர்னெட்டும் முன்னெச்சரிக்கை இல்லாமல், ஒன்றுக்கொன்று பொருந்தி, ஒரே மூச்சில் போகும். சிக்காகோ லிங்கன் கார்டன்ஸ் மண்டபத்தில் இதைக் கேட்க இளம் வெள்ளையினக் கலைஞர்கள் வந்து குந்தியிருந்து, இது எப்படி என்று விளங்காமல் திரும்பிப் போவார்களாம். ஆம்ஸ்ட்ரோங் பிற்காலத்தில் சொன்னார்: குழு சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிவர் இவர் பக்கம் மெல்லச் சாய்ந்து, தான் அடுத்து ஊதப்போகிற ஸ்வரங்களுக்கான வால்வுகளை அழுத்திக் காட்டுவார். இவர் பக்கத்தில் நின்று அந்த விரல்களைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற இரண்டாவது குரலை மனதில் தயாராக்கி வைத்துக்கொள்வார்.